காலிக் கட்டத்தில் போட்ட பூஜ்யம்

கௌரியின் அப்பா தாமலிலிருந்து பஸ் ஏறி வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"டி.சி. குடுத்துடுங்க சார். பொண்ணு ஊட்டுலயே கெடக்குது. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது."

காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் நான் கணித விரிவுரையாளர். எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எம்.எஸ்ஸி. மாணவர்கள் எட்டுப் பேர், ஆய்வேட்டுக்கு கைடு எட்டுப் பேர். யாருக்கு யார் என்று வருடாவருடம் சண்டை. அந்த வருடம் கணக்குப் போட்டே பிரிக்கலாம் என்றேன். பிடித்த கைடுக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு என்று எட்டு வரை மாணவர்கள் எழுதித் தர வேண்டும். மொத்தக் கூட்டல் எப்படிப் பிரித்தால் மிகக் குறைவாக வருகிறதோ, அதுவே முடிவு.

கிராஃப் தாளைப் பார்த்துத் துறைத் தலைவர் சிரித்தார். "என்னாபா, ஜாதகப் பொருத்தம் பாத்துக்கினு இருக்கியா?"

வகுப்பில் பெண்கள் இருவர்: கௌரியும் என் மகளும். கௌரி ஒரு கைடின் பெயருக்கு நேராக மட்டும் எதுவும் எழுதவில்லை. எழுதாத விடைக்குப் பூஜ்யம் போட்டே பழகிய கை; அங்கேயும் அதையே போட்டேன். பட்டியலில் அவளுக்கு அவரே வந்தார்.

"அவர் பேருக்கு நான் ஒண்ணும் எழுதலியே சார்" என்றாள்.

திருத்த வேண்டிய தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. எனக்கு அலுப்பு. "ஒருத்தருக்கு மாத்துனா எட்டுப் பேருக்கும் மாத்தணும்மா."

"சரிங்க சார்." அதன்பின் அவள் வரவில்லை.

ஆபீசில் டி.சி. வாங்கிக் கொடுத்த அன்று மாலை வீட்டில் மகளிடம் சொன்னேன்.

"அவரு சந்தேகம் கேக்கப் போனா வீட்டுக்கு வான்னுவாருப்பா. எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். நானும் அவருக்குக் காலியாத்தான் விட்டிருந்தேன். நீங்கதான் எதையும் எழுதாம விடாதே, எட்டு போடுன்னீங்க."

கிராஃப் தாளைத் தேடி எடுத்தேன். ஒன்றைவிடப் பூஜ்யம் சின்னது. வேண்டவே வேண்டாம் என்று அவள் விட்ட இடத்தை, எல்லாரையும்விட இவரே வேண்டும் என்று நான் மாற்றியிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் எட்டு எழுதி, கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். அரை மணி நேர வேலை. கௌரிக்கு அவள் இரண்டாவதாகக் கேட்டவர் கிடைத்தார்.

மறுநாள் அந்தத் தாளோடு தாமலுக்குப் போய், கணக்கில் நான் செய்த தப்பைச் சொன்னேன். அவள் அப்பா அதை வாங்கி, பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இப்ப கணக்கு சரியா வந்துடுச்சா சார்? நல்லது. பொண்ணு வராது."

உள்ளே அவள் இருந்தாள். வெளியே வரவில்லை.

அந்தப் பெண் கேட்டபோது ஒரு கேள்வி நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். அதற்கப்புறம் ஓய்வுபெறும் வரை, காலிக் கட்டத்தைக் கண்டால் பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுதாமல் விட்டவரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.