கட்டியைக் கேட்கவில்லை

எழுபதுகளின் கடைசியில், சென்னை ஆய்வுக்கூடம் ஒன்றில் எலிகளுக்குப் புற்றுநோய்க் கட்டியை ஒட்டவைப்பதுதான் என் வேலை. விடுமுறையில் நெய்வேலி குவார்ட்டர்சிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா என்னைத் தேடி வந்தார்.

“கட்டி மாருல இருக்குது. டாக்டரு வயித்த அறுக்கணுங்கிறாரு. எதுக்கும்மா?”

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. “வயித்துக்குள்ள சினைப்பையில சுரக்குற ஹார்மோன்தான் கட்டிக்குத் தீனிக்கா. எங்க எலிக்கு அந்தப் பைய எடுத்ததும் கட்டி சுருங்கிடுச்சு.”

“அந்த எலி இப்ப எப்படி இருக்குது?”

“அதான் கட்டி சுருங்கிடுச்சேக்கா.”

“கட்டிய கேக்கலம்மா. எலிய கேக்கறேன்.”

கட்டியை எடுத்து எடை நிறுத்துப் பார்ப்பதற்காக அந்த எலியை நாங்களே கொன்றிருந்தோம். பொய் சொல்ல வாய் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

வெளியே ஷிப்ட் பஸ் வந்து நின்றது. அக்கா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

“என் கட்டிய யாரும் நிறுத்துப் பாக்க மாட்டாங்க இல்ல? அப்ப சரி. எங்க வூட்டுக்காரரு வந்துகினு இருக்காரு, ஆஸ்பத்திரில சேக்கச் சொல்றேன்.”

அறுவை முடிந்தபின் அவரைப் பார்க்கப் போனேன். கட்டி சுருங்கியதா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, “வலிக்குதாக்கா?” என்றேன்.

எத்தனையோ எலிகளை அறுத்த எனக்கு, அப்படிக் கேட்பது அதுதான் முதல் முறை.