குளிப்பாட்டுகிறவளின் தலை

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது நான்கு பேரை. மூன்று ஆண், கடைசியாக ஒரு பெண். குளிப்பாட்டி எடுத்த பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் அதற்குக் கணக்கு என்னிடம் இல்லை. திருவனந்தபுரத்தில் கரமனையில் மட்டுமே ஒரு தெரு நிறைய இருப்பார்கள். சிலருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. வழியில் கண்டால் அவர்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவர்களுடைய பின்மண்டையைப் பார்த்தாலே போதும், இது நான் எண்ணெய் போட்டு உருட்டிய தலை என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் மகனுடைய மகள் எழுதுகிறாள். அவசரப்படுத்தினால் எனக்குப் பேச்சு வராது என்று முதலிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன்.

என் வேலை, பிள்ளை பெற்ற பெண்களுக்கும் பிறந்த பிள்ளைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது. தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தேன். அவர் ஓட்டலில் மாவாட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பெண்ணுக்கு ஆறு வயதாகும்போது போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கு முன்பும் பின்பும் நான் வீட்டில் சும்மா இருந்ததில்லை. விடிந்ததும் ஒரு வீடு, ஏழு மணிக்கு ஒரு வீடு, ஒன்பதுக்கு ஒன்று. குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்க வேண்டும். குழம்பு என்றால் சோற்றுக்கு ஊற்றுவது இல்லை, உடம்புக்குத் தேய்க்கும் தைலம். அதைக் கழுத்திலிருந்து கால் விரல் வரை தேய்த்து அரை மணி நேரம் ஊறவிட்டு, மருந்துப் பட்டைகள் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை இடுப்பில் வீசி ஊற்றுவேன். தலைக்கு மிளகும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். குளித்து முடித்ததும் நீர் கோக்காமல் இருக்க உச்சியில் ஒரு சிட்டிகை ராஸ்நாதிப் பொடி. பழவங்காடியில் மருந்துக்கடைக்காரர் குழம்புக் குப்பியை என்னிடம் தரும்போது மூடியைத் திறந்து நீட்டுவார். நான் முகர்ந்து தலையை ஆட்டினால்தான் பொட்டலம் கட்டுவார். அத்தனை மரியாதை எனக்கு இருந்தது.

குளிப்பாட்டுவது முடிகிற நாளன்று எந்த வீட்டிலும் எனக்குப் புதுப் புடவை கொடுப்பார்கள். நான் கடைக்குப் போய்ப் புடவை எடுத்ததே இல்லை. நான் உடுத்தியதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை பிறந்த புடவை.

பத்து மணிக்கு நான் வீட்டுக்கு வரும்போது என் மகள் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் வாசற்படியில் காத்திருப்பாள். வந்ததும் என் கையை இழுத்து முகர்ந்து பார்ப்பாள். இன்றைக்கு ஆற்றங்கரை வீடு, இன்றைக்கு மாடி வீட்டு அக்கா என்று சொல்வாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒரே குழம்புதான், ஆனால் ஒவ்வொரு உடம்பிலும் ஒவ்வொரு மணம் என்று எனக்கே அவள் சொல்லித்தான் தெரியும். கையில் மிச்சமிருக்கும் எண்ணெயை அவள் தலையில் துடைத்து, சிக்கெடுத்துப் பின்னிவிடுவேன். அவள் முடி என் முழங்கை கனம் இருந்தது.

என் தலைக்கு மட்டும் எண்ணெய் வைக்க யாரும் இல்லை. பேறுகாலங்களில் மாமியார் தேய்த்தாள். அதற்குப் பிறகு என் தலைக்கு என் கைதான். குளிக்கப் போகும் முன் ஒரு கை எண்ணெய் அள்ளி உச்சியில் அடித்துக்கொண்டு போய்விடுவேன். அது ஒரு குறையாக அப்போது தோன்றவில்லை.

மகள் வளர்ந்து கோவளத்தில் ஒரு பெரிய ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்பா என்றாள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து படுப்பார்கள், எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். பெண்களுக்குப் பெண்கள்தான் என்றும் சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை. போகாதே என்று தடுக்கவுமில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் ஓட்டல் வேலை என்று மட்டும் சொன்னேன்.

அவளுக்கு முப்பது வயதிருக்கும்போது தென்காசியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வந்த அம்மாள் பலகாரத்தைக் கடித்துக்கொண்டே, பெண் என்ன வேலைக்குப் போகிறாள் என்று கேட்டாள். நான் சொன்னேன், "கோவளத்துல பெரிய ஓட்டல். ரூமெல்லாம் மேப்பாத்துக்கறா."

மகள் அப்போதுதான் காப்பித் தட்டோடு வெளியே வந்தாள். தட்டை நிதானமாக வைத்துவிட்டு அந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னாள்.

"ரூம் பாக்கலை அத்தே. எண்ணெ தேச்சு விடுதேன். எங்கம்மா கரமனையில செஞ்சதை நா கோவளத்துல செய்யுதேன்."

அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். வாசல் கதவைச் சாத்திவிட்டு நான் அவளிடம் கேட்டது இதுதான்: "நீயும் நானும் ஒண்ணாட்டி? நா பிள்ள பெத்தவளுக்குச் செஞ்சேன்."

"ரெண்டும் ஒடம்புதானம்மா," என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கோவளம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அங்கேயே அறை எடுத்துக்கொண்டாள். ஏழு வருடம். அண்ணன்மார் வீட்டு விசேஷங்களுக்கு வருவாள். நான் இருக்கிற பக்கம் வரமாட்டாள். நானும் கூப்பிடவில்லை. பெற்றவள் போய்க் கூப்பிடுவதா என்று இருந்தேன்.

இதை எழுதுகிற இந்தப் பேத்தி மட்டும் மாதம் ஒருமுறை அத்தையைப் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் பார்ப்பாள். இங்கே நடப்பதெல்லாம் அங்கே போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சில விஷயங்களை இவள் காதில் விழும்படி பேசுவேன்.

போன மழைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகு முடி கொட்டத் தொடங்கியது. சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. இந்த வயதில் முடிக்காக அழுதேன் என்றால் சிரிப்பார்கள். அழுதேன். அதையும் இவள் பார்த்துவிட்டாள். அடுத்த மாதம் கோயில் வாசலிலிருந்து வரும்போது ஒரு குப்பி கொண்டுவந்தாள். பெருவிரல் அளவு, கறுப்புக் கண்ணாடி. ரோஸ்மேரி எண்ணெயாம், முடி வளர அத்தை கொடுத்தாளாம். எப்படிப் போடுவது என்று அத்தை சொன்னதையும் இவள் சொல்ல வந்தாள். எனக்கா எண்ணெய் தேய்க்கச் சொல்லித் தருகிறாய், போய்ப் படி என்று அனுப்பிவிட்டேன்.

அந்தக் குப்பியை நான்கு நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். திறந்து திறந்து முகர்வேன். மலையில் வளரும் செடி மாதிரி, கொஞ்சம் கற்பூரம் மாதிரி. அவள் கை இப்போது இப்படித்தான் மணக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு காலத்தில் அவள் என் கையை முகர்ந்து வீட்டைச் சொல்வாள். எனக்கு அவளுடைய ஓட்டல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. தலைக்கு வைக்கலாம் என்று குப்பியைக் கவிழ்த்தேன். ஒரு துளி விழுந்தது. இன்னொரு துளி. அவ்வளவுதான். வாயில் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு இருந்தது. சரியாகச் செய்யாத குப்பி போலிருக்கிறது என்று நினைத்து, ஊக்கால் நெம்பி அந்த அடைப்பைப் பிடுங்கி எறிந்தேன். இருந்ததை முழுவதும் உள்ளங்கையில் ஊற்றினேன். உச்சியில் வைத்து, காதுக்குப் பின்னால், பிடரியில், நெற்றி ஓரத்தில் என்று அழுத்தித் தேய்த்தேன். மற்றவர்களுக்குச் செய்கிற மாதிரியே அரை மணி நேரம் ஊறட்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் குளிர்ந்தது. பிறகு தலையில் அடுப்புத் தணலைக் கொட்டியது போல ஆனது. தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற எரிச்சல் நெற்றிக்கு இறங்கியது. சத்தம் கேட்டுப் பேத்தி ஓடிவந்து, என்னைக் கேட்காமலே அத்தைக்குப் போன் போட்டாள். போனை அவள் உரக்க வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது. ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல் இத்தனை பக்கத்தில்.

"தண்ணி ஊத்தாத மக்களே, எரிச்சல் கூடும். கண்ணுல எறங்காம பாத்துக்க. வெளிச்செண்ணெய பஞ்சுல முக்கித் தொடச்சு எடு. நா வாரேன்."

வந்துவிட்டாள். கோவளத்திலிருந்து ஆட்டோவிலேயே வந்திருக்கிறாள். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை, நெஞ்சில் ஓட்டல் பெயர் தைத்திருந்தது. செருப்பை வாசலில் விட்டாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், துண்டில் துடைத்தாள், இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். பிறகுதான் என்னைத் தொட்டாள். நானும் அப்படித்தான் தொடங்குவேன். அவளை உட்கார வைத்து நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

வெளிச்செண்ணெய் என்றால் இங்கே தேங்காய் எண்ணெய்தான். அதை வகிடு வகிடாக வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். பஞ்சை மாற்றுவதற்கு ஒரு கையை எடுத்தால் மற்றக் கை என் தோளில் இருக்கும். இரண்டு கையையும் ஒரே நேரத்தில் அவள் எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறவளுக்கு ஆள் பக்கத்தில்தான் இருக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்கு. அத்தனை வருடம் செய்தும் எனக்கு அது தோன்றியதில்லை. எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இது என் கையைவிட நல்ல கை என்று எனக்குத் தெரிந்தது. அதை அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அழுத்தம் போதலை."

"புண்ணு மேலயா அழுத்துவாங்க?" என்றாள்.

பிறகு குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "எம்மா, இதுல இருந்த அடைப்பு எங்க?"

"துளித்துளியா விழுந்துச்சு. ஊக்கால எடுத்துட்டேன்."

"அது அப்படித்தான் விழணும். ஒரு கரண்டி வெளிச்செண்ணெய்க்கு நாலு துளி மதி, அதுக்கு மேல வேண்டாம். ஒரு வருசத்துக்கு வேண்டியத நீ ஒரே நாள்ல தேச்சுட்ட." சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேத்தியும் சிரித்தாள். எனக்கும் வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஐந்து நாளைக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும், பொடி கிடையாது, வெயிலில் போகக்கூடாது, கொப்புளம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு என்று பேத்தியிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. காப்பி போடட்டுமா என்று பேத்தி கேட்டதற்கு, டியூட்டியில் பாதியில் வந்தேன் என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நான் ஏதாவது சொல்லுவேன் என்றுதான் நின்றிருக்க வேண்டும். நான் ஆட்டோ கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. தோல் உரிந்து ஆறிவிட்டது. நெற்றி ஓரத்தில் ஒரு சிவப்பு இருக்கிறது, அதுவும் போய்விடும். முடி வளர்ந்ததா என்று கேட்டால், வளரவில்லை. எனக்கு இப்போது முடியைப் பற்றிய கவலை போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய்க் கிண்ணத்தைச் சூடு பண்ணி வைத்துக்கொண்டு உட்காருகிறேன். என் கையை என் தலைக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. அந்தக் கை என் தோளில் இருந்த இடம் எனக்கு இன்னும் தெரிகிறது. ஊராருக்கெல்லாம் தேய்த்துவிட்டவளுக்கு, தன்னை ஒருவர் தொட்டால் எப்படியிருக்கும் என்று எழுபத்து நான்கு வயதில் தெரிந்தது. இப்போது அது வேண்டும் வேண்டும் என்று கிடக்கிறது.

அதனால் சொல்கிறேன். எழுதிக்கொள். அந்தத் தென்காசி அம்மாளிடம் நான் சொன்னது பொய். என் மகள் அறை பார்க்கும் வேலை செய்யவில்லை. நான் செய்த வேலையைத்தான் செய்கிறாள், என்னைவிட நன்றாகச் செய்கிறாள். நீயும் நானும் ஒன்றா என்று கேட்டேனே, ஒன்றுதான். அவளுக்கு லீவு கிடைக்கிற ஒரு நாள் வந்து, நாலு துளியோ மூன்று துளியோ அவள் கையாலேயே கலந்து, என் தலைக்கு வைத்துவிட வேண்டும். அழுத்தம் போதும். அன்றைக்கும் போதுமாகத்தான் இருந்தது.

சரி, மக்களே, நீ எழுதியதை இனி முதலிலிருந்து வாசி. உன் அத்தைக்கு அனுப்புவதற்கு முன் நான் ஒருமுறை கேட்க வேண்டும். கடைசிப் பக்கம் வரும்போது, அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடு என்று நான் சொல்லுவேன். என்னை எனக்குத் தெரியும், கட்டாயம் சொல்லுவேன். சொன்னாலும் வெட்டாதே. வாசி.