மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர்

றொவீனா தன் வீட்டை வரைந்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கல்லடியில் வாவிக் கரையோடு அவள் கணவன் அன்ட்ரூவுக்குத் தகப்பன் விட்டுப்போன காணி இருந்தது. கொழும்பில் ஒரு கட்டடக் கலை அலுவலகத்தில் மற்றவர்களின் ஹோட்டல்களையும் காரியாலயங்களையும் வரைந்து அலுத்தவள், சொந்த வீட்டுக்கென்று ஒரேயொரு ஆசையைத்தான் வைத்திருந்தாள். ஹோலில் இருந்து பார்த்தால் வாவி முழுதாகத் தெரிய வேண்டும். அதனால் மேற்குப் பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைத்தாள். கிழக்கே தெரு, அதற்கப்பால் கடல். தூசியும் சத்தமும் உள்ளே வராதபடி அந்தப் பக்கம் களஞ்சிய அறையும் குளியலறையும், யன்னலே இல்லாத நீண்ட சுவரும்.

குடிபுகுந்த அன்று பின்னேரம் சூரியன் வாவிக்கு மேல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன. அன்ட்ரூ அவள் தோளில் கையை வைத்தான்.

சில வருடங்கள் கழித்து புளியந்தீவில் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தில் கட்டட வடிவமைப்புக் கற்பிக்கும் வேலை கிடைத்தது. கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் அவள் நிறையப் படித்தாள். கட்டடம் எப்படிச் சூடேறுகிறது, காற்று எந்த வழியால் நுழைந்து எந்த வழியால் போகிறது, ஒரு அறைக்குள் இருக்கும் ஆளுக்கு ஏன் தலை வலிக்கிறது, ஏன் நித்திரை வருகிறது என்றெல்லாம் தேடினாள். "முதல்ல வெயில வரைங்க. பிறகு காத்த வரைங்க. பிறகு அதுக்குள்ள இரிக்கப்போற ஆள வரைங்க. சுவர் கடைசியா வந்தாப் போதும்" என்பாள் பிள்ளைகளிடம்.

தன் வீட்டைப் பற்றி அவள் அப்படி யோசித்ததே இல்லை. காலையில் போய் வெயில் தாழ்ந்த பிறகு வருபவளுக்கு அந்த வீட்டின் மத்தியானம் தெரியாது. சனி ஞாயிறுகளில் திரையை இழுத்துவிட்டு ஃபேனைப் போட்டுக்கொள்வாள். வெக்கை ஊரின் வெக்கை என்றே நினைத்திருந்தாள்.

அந்த வருடம் வறண்டு சுடும் கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தாள். இரண்டிரண்டு பேராக ஆட்கள் குடியிருக்கும் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். வெப்பத்தை அளக்க வேண்டும், காற்றைப் பார்க்க வேண்டும், வீட்டாரோடு கதைக்க வேண்டும். பிறகு எதை எப்படி மாற்றலாம் என்று வரைந்து காட்ட வேண்டும். காத்தான்குடியைச் சேர்ந்த ஸாதியாவும் சித்தாண்டிப் பெடியன் நிலோஜனும் ஒரு சோடி. அவர்கள் பேசிவைத்திருந்த வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகள் வந்துவிட, அங்கே போக முடியாமல் போயிற்று.

"மிஸ், உங்கட வீட்ட நாங்க செய்யலாமா?" என்று ஸாதியா கேட்டாள்.

றொவீனாவுக்கு உள்ளூரச் சந்தோசம். "தாராளமா வாங்க. நான் கிளாஸில இரிப்பன். அன்ட்ரூ வீட்டில நிப்பார்" என்றாள்.

அன்ட்ரூ மீன்பிடிப் படகுகளின் இயந்திரங்களைத் திருத்துபவன். வாவியோரத்தில் அவனது பட்டறைக் கொட்டில். இரண்டு பேரும் வெப்பமானியோடு வந்து நின்றபோது கிறீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனான். மத்தியானம் திரும்பிக்கொண்டிருந்தது. நிலோஜன் ஹோலின் நடுவில் ஒரு சாம்பிராணிக் குச்சியைக் கொளுத்திப் பிடித்தான். புகை நேரே மேலே போய்க் கூரையடியில் அப்படியே நின்றது. ஸாதியா வெப்பமானியைப் பார்த்தாள். வெளியே மரநிழலில் இருந்ததைவிட ஹோலுக்குள் சூடு கூடவாக இருந்தது. நம்பாமல் திரும்பவும் அளந்தாள்.

"அங்கிள், இந்த நேரத்துல நீங்க எங்க இரிப்பீங்க?"

அன்ட்ரூ சிரித்தான். "வாங்க காட்டுறன்."

குசினிக் கதவுக்கு வெளியே, உடுப்புத் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், கிழக்குச் சுவரின் நிழலில் ஒரு பழைய கதிரை கிடந்தது. நிலோஜன் மற்றொரு குச்சியைப் பற்றவைத்தான். கடலிலிருந்து வந்த காற்று புகையை இழுத்துக்கொண்டு ஓடியது.

"மகள் எங்க படிப்பாங்க?"

"கூப்பிட்டுப் பாருங்க."

பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த லொறெய்ன், குளியலறைக்குள் ஈரமில்லாத மூலையில் தரையோட்டின் மேல் கொப்பிகளைப் பரப்பிக்கொண்டு இருந்தாள். "இஞ்சதான் குளிர். கணக்குச் செய்யலாம்" என்றாள் கூச்சமில்லாமல்.

அடுத்த கிழமை வகுப்பில் ஸாதியா வீட்டின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினாள். ஆட்கள் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று சிவப்புப் பொட்டுகளால் குறித்திருந்தாள். மத்தியானப் பொட்டுகள் எல்லாம் குசினிக் கதவடியிலும் குளியலறையிலும் குவிந்திருந்தன. வீட்டின் மிகப் பெரிய அறையில் ஒன்றுகூட இல்லை.

அவள் ஹோலின் வெறுமையான இடத்தில் விரலை வைத்தாள். "வீட்டுச் சொந்தக்காரர் ஹோலக் கட்டினது காட்சிக்காக, மிஸ். ஆனா பகல்ல அதுக்குள்ள ஒத்தரும் இருக்கிறல்ல. மேற்குக் கண்ணாடிய மூடிக் கல்லால கட்டுறதுதான் நல்லது எண்டு நாங்க நினைக்கிறம்."

நிலோஜன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். றொவீனாவின் காது சூடேறியது.

"அந்தக் கண்ணாடிய ஏன் வச்சது எண்டு கேட்டீங்களா?" என்றாள். கேட்டபோதே தன் குரலில் இருந்த கோபம் அவளுக்குக் கேட்டது. "சரி, இருங்க. அடுத்த ஆக்கள் வாங்க."

அடுத்த நாள் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். திரையை விலக்கினாள், ஃபேனைப் போடவில்லை. ஹோலின் நடுவில் கதிரையை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். முதலில் கண் கூசியது. பிறகு வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து அவள் பாதங்களில் ஏறியது. கழுத்தடி நனைந்தது. திருத்தக் கொண்டுவந்திருந்த மாணவர் வரைபடத்தைக் கையில் எடுத்தாள். இரண்டு கோட்டுக்கு மேல் மனம் அதில் நிற்கவில்லை. வாவி என்னவோ அழகாகத்தான் கிடந்தது. ஆனால் அவள் அதைப் பார்க்கவில்லை, எழுந்து எங்கே போகலாம் என்றுதான் யோசித்தாள்.

தண்ணீர் குடிக்க வந்த அன்ட்ரூ அவளைக் கண்டு திகைத்தான். "உனக்கென்ன விசரா? எழும்பி வா இஞ்சால."

"இவ்வளவு வருசமா ஏன் சொல்லல்ல?"

அவன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் பேசினான். "குடிவந்த அண்டைக்கு அந்தக் கண்ணாடிக்கு முன்னால நீ நிண்ட நிலை எனக்குத் தெரியும். அதப் பாத்த பிறகு எப்பிடிச் சொல்ற?"

அவள் எழுந்து அவன் பின்னால் போனாள். துவைக்கும் கல்லின் மேல் அமர்ந்து இருவரும் தேத்தண்ணீர் குடித்தார்கள். கடல் காற்று அவள் நெற்றி வியர்வையை ஆற்றியது. அவமானமாகவும் இருந்தது, இதமாகவும் இருந்தது. லொறெய்ன் வந்து கதவு நிலையில் சாய்ந்தாள்.

"மமா, அவங்க கண்ணாடிய அடைக்கச் சொன்னாங்களாமே? வேணாம். பின்னேரத்துல நாம எல்லாரும் ஒண்டா இரிக்கிறது அங்கதானே. தோணிக்காரர் வெளிச்சத்தோட போறதப் பாக்கேலாமப் போயிரும்."

அந்தப் பேச்சைத்தான் றொவீனா திங்கட்கிழமை வகுப்புக்குக் கொண்டுபோனாள். முதலில் எல்லோருக்கும் முன்னால் ஸாதியாவிடமும் நிலோஜனிடமும் மன்னிப்புக் கேட்டாள். "உங்கட அளவு சரி. பொட்டும் சரி. நான் இருந்து பாத்தன்." பிறகு வரைபடத்துக்குப் பக்கத்தில் போனாள். "ஆனா ஆறு மணிக்கு மேல பொட்டு எங்க?"

ஸாதியா நிலோஜனைப் பார்த்தாள். "அஞ்சு மணிக்கு நாங்க பஸ் எடுக்கப் போய்ட்டம், மிஸ்."

வகுப்பே சிரித்தது. றொவீனாவும் சிரித்துவிட்டாள்.

அதன்பிறகு வேலை சூடுபிடித்தது. வகுப்பு முழுவதும் சேர்ந்து அந்த வீட்டைத் திரும்ப வரைந்தது. கண்ணாடி இருக்கட்டும், வெயில் அதைத் தொடாமல் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. வரைந்தபடியே வேலையாட்களை வைத்துக் கண்ணாடிக்கு வெளியே தாழ்ந்த கூரையோடு ஒரு விறாந்தை இறக்கினார்கள். அதன் விளிம்பில் பனஞ்சலாகைத் தட்டிகள் வந்தன. அவை ஓடும் தண்டவாளத்தை அன்ட்ரூ தன் கொட்டிலில் இரும்பை ஒட்டிச் செய்து கொடுத்தான். மத்தியானம் இழுத்து மூடலாம், பின்னேரம் ஒரு கையால் தள்ளித் திறக்கலாம். கண்ணாடியின் உச்சியில் காற்று வெளியேறத் திறப்பு விட்டார்கள். கிழக்குச் சுவரின் உயரத்திலும் வரிசையாகத் துவாரங்கள் வெட்டினார்கள். தெரு தெரியாது, கடல் காற்று மட்டும் வரும். நிலோஜன் திரும்பவும் சாம்பிராணி கொளுத்தினான். இந்த முறை புகை சாய்ந்து ஓடி மேற்கே வெளியேறியது.

மாரி தொடங்கிய முதல் கிழமையே அந்தத் துவாரங்களால் மழை உள்ளே அடித்து, அந்தச் சுவரோடு கிடந்த லொறெய்னின் கட்டில் நனைந்தது. வடகிழக்கிலிருந்து வாடைக் காற்றோடு வரும் மழையை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. றொவீனா நனைந்த மெத்தையைப் படம் எடுத்து வகுப்பில் காட்டினாள். "பிழை விட்டது நாங்க எல்லாரும்தான். இனி இதுக்கு என்ன செய்வம்?" என்றாள். துவாரங்களுக்குச் சாய்வான மூடுபலகைகள் வந்தன. கட்டில் பிறகு நனையவில்லை. லொறெய்ன் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு வந்தாள். அன்ட்ரூ மட்டும் தன் கதிரையைக் குசினிக் கதவடியில் இருந்து எடுக்க மறுத்தான். பழக்கமாகிவிட்டது என்றான். அதுவும் ஒரு நியாயமான பொட்டுத்தானே என்று ஸாதியா சொன்னாள்.

அடுத்த வருடம் ஏறாவூரிலிருந்து ஆசியா உம்மா என்ற பெண் மகளோடு, வீடு வரைந்து வாங்க றொவீனாவைத் தேடி வந்தார். கட்டாரில் வேலைசெய்யும் அவரது மகன் றிப்ஷான், புது வீட்டுக்காக ஒரு படம் அனுப்பியிருந்தான். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. மேற்குப் பார்த்த காணி.

றொவீனா பாடம் நடத்தவில்லை. ஒரு மத்தியானம் அவரையும் மகளையும் வீட்டுக்கு அழைத்து ஹோலில் இருத்தி, தட்டிகளை முழுவதும் திறந்துவிட்டாள். குசினிக்குத் தேத்தண்ணீர் ஊற்றப் போனாள். திரும்பி வந்தபோது ஆசியா உம்மா முக்காட்டு நுனியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"யா அல்லாஹ், இதென்ன வெக்கை! மூடு புள்ள, மூடு!"

றொவீனா தட்டிகளை இழுத்தாள். கோடுகோடாய் நிழல் தரையில் விழுந்தது. கிழக்கிலிருந்து காற்று மெல்ல வந்தது. ஆசியா உம்மா விசிறுவதை நிறுத்திவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். தட்டி இடுக்கால் சாடையாகத் தெரிந்த வாவியைப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"கட்டார்ல இரிக்கிற உன்ட நானாக்கு வீடியோ கோல் எடு. அவனும் இதப் பாக்கட்டும்."