தேசப்பன் மாமாவின் லேப்டாப்

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் ஷோபனா. எனக்குப் பொறுமை குறைவு. கடைக்கு வருகிறவர்களிடம் எரிந்து விழுவேன், அப்புறம் டீ வாங்கிக் கொடுப்பேன். எதிர்வீட்டு தேசப்பன் மாமாவிடம் மட்டும் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன்.

மாமா சர்க்கரை ஆலை ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மகள் துர்கா புனேயில் இருக்கிறாள். அவள்தான் முகம் பார்த்துப் பேசலாம் என்று அந்த லேப்டாப்பை வாங்கி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், அவளுக்கு முடிந்தால். மற்ற நாளெல்லாம் மாமா அதில் பழைய தெலுங்குப் பாட்டு கேட்பார். அவர் மனைவி கெங்கம்மாள் அத்தை ஆந்திராவில் புத்தூர்ப் பக்கத்துக்காரர். அவர்கள் இருவரும் வீட்டுக்குள் பேசிக்கொண்டது தெலுங்கில்தான். அத்தை போய்ச் சேர்ந்ததோடு அந்த வீட்டில் அந்தப் பேச்சும் நின்றது. எந்தப் பேச்சுமே நின்றது என்பதுதான் சரி.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம், பாட்டுக்கு நடுவில் திரை முழுக்கச் சிவந்து, சைரன் மாதிரி அலறியிருக்கிறது. வைரஸ் வந்துவிட்டது, அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று எழுத்து. மகள் ஆசையாக வாங்கித் தந்ததைக் கெடுத்துவிட்டோமே என்று மாமாவுக்குப் பயம். கூப்பிட்டுவிட்டார்.

எடுத்தவன் இங்கிலீஷில் ஆரம்பித்தான். மாமா பதற்றத்தில் தெலுங்கில் ஏதோ முனக, அவனும் தெலுங்குக்கு மாறினான். அங்கேதான் மாமா விழுந்தார். எல்லையில் இருக்கிற எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தெலுங்கு காதில் விழுந்தால் எந்த ஊர் என்று கேட்போம். ஊர் ஒத்துப்போனால் முறை வைத்துவிடுவோம். என் வீட்டுக்காரி புத்தூர்ப் பக்கம் என்று மாமா முந்திக்கொண்டு சொல்ல, நானும் புத்தூர்தான் நைனா என்று அப்பா முறை வைத்தே பேசினான் அவன். அவ்வளவுதான், பிள்ளையாகிவிட்டான்.

அவன் சொன்ன செயலியை மாமா தன் கையாலேயே ஏற்றினார். அதன் வழியாக அவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு இந்தத் திரையைப் பார்த்தான், அம்புக்குறியை நகர்த்தினான். வைரஸ் ஒரே நாளில் போகாது என்று சொல்லி, தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூப்பிட்டான். முதல் கேள்வி எப்போதும், "அன்னம் தின்னாவா நைனா?" சாப்பிட்டாயா என்று அந்த வீட்டில் ஒருவர் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. மாமா அத்தையின் கடைசி நாட்களைப் பற்றிக்கூட அவனிடம் சொல்லியிருக்கிறார். எதிரில் கடை வைத்திருக்கிற என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

கடைசியில் ஒரு நாள், பாதுகாப்பைப் புதுப்பிக்கணும், பேங்க் பக்கத்தைத் திறங்க, போனுக்கு வர்ற நம்பரைச் சொல்லுங்க என்றான். மாமாவின் ரிட்டையர்மென்ட் பணம் முழுக்க அந்த பேங்கில்தான். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பேங்க் பக்கம் திறக்கிற வரை சும்மா இருப்பானேன் என்று பிரியமாக ஒன்று கேட்டார். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் மலைக்கு உங்கள் வீட்டில் யார் காவடி எடுக்கிறார்கள், வந்தால் நம் வீட்டில்தான் சாப்பாடு.

"அது இன்னா பண்டிகை?" என்று தெலுங்கில் கேட்டானாம் அவன்.

புத்தூரில் பிறந்த குழந்தை கேட்காத கேள்வி. மஞ்சள் துணியும் பூக்காவடியுமாக அந்த ஊரே இங்கே வந்து இறங்கும். அத்தை உயிரோடு இருந்தவரை அந்த நாளில் இந்த வீட்டில் கால் வைக்க இடமிருக்காது.  மாமா போனைக் கீழே வைத்தார், லேப்டாப்பை அணைத்தார், துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து என்னிடம் வந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் கத்திவிட்டேன்.

"எந்தக் கம்பெனியாவது ஸ்க்ரீன்ல நம்பர் போட்டு, என்னைக் கூப்புடுன்னு சொல்லுமா மாமா? செவப்பா வந்தா அணைச்சுடணும். ஊரு பேரு தெரியாதவனுக்கு உள்ள வர வழி உட்டுட்டு உக்காந்துகினு இருக்கீங்களே!"

"ஆங்மா," என்றார்.

நெட்டைத் துண்டித்து, அந்தச் செயலியைப் பிடுங்கினேன். பேங்குக்குப் பேசிக் கணக்கைப் பூட்டச் சொன்னோம், சைபர் மோசடிக்கான 1930-க்குப் புகார் சொன்னோம். நல்லவேளை, பணம் போகவில்லை. அப்போது மாமாவின் போன் அடித்தது. அவன்தான்.

"பிளாக் பண்ணுங்க," என்றேன்.

மாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "மோசக்காரன்னு தெரியுதும்மா. ஆனா தெனம் சாப்ட்டியான்னு கேட்டுகினு இருந்தான்."

எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை. பணத்தைத் திருட வந்தவன் அந்தக் கேள்வியையா சாவியாக எடுக்க வேண்டும்? மாமா தன் விரலாலேயே அந்த எண்ணை அடைத்தார். துர்காவிடம் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லியே ஆக வேண்டும் என்றேன், அங்கேயே பேசவைத்தேன். அவள் அழுதாள், தினமும் கூப்பிடுகிறேன் என்றாள். சில நாள் கூப்பிட்டாள்.

கிருத்திகை வந்து போனது. ஊர் முழுக்க அரோகரா. மாமா வீட்டில் ஒற்றை விளக்கு. மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு லேப்டாப்போடு வந்து நின்றார்.

"செவப்பா ஏதோ வந்தா மாதிரி இருந்துதும்மா. அணைச்சுட்டேன். நீ பாரு."

பார்த்தேன். எல்லாவற்றையும் துழாவினேன். ஒரு பழுதும் இல்லை. மாமாவைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆங், ஏதோ இருக்குது மாமா," என்றேன். "ஒரே நாள்ல போவாது. உக்காருங்க. சாப்ட்டீங்களா?"