கண்ணாடியில் ஒரு புருவம்

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. தெருவில் யாருக்கும் அது நினைவில் இல்லை. ரிவர்ஸ் என்றால்தான் தெரியும். மற்றவர்கள் நேராக ஓட்டிப்போகவே மூச்சைப் பிடித்துக்கொள்கிற சந்துகளில் அவன் பின்பக்கமாகவே வண்டியை எடுத்துவிடுவான். தலையை வெளியே நீட்டமாட்டான், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். கண்ணாடியைப் பார்ப்பான், அவ்வளவுதான். "இவனுக்கு முதுகுலயும் ரெண்டு கண்ணு" என்பாள் அவன் அக்கா. பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைக்கிறவள் அவள். துணியில் அவள் அளவு நூலிழைகூடப் பிசகாது. தம்பியைப் பற்றிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் தாராளமாகவே கூட்டிப் பேசுவாள்.

சண்டைக்கு முன்பு அவன் பள்ளி வேன் ஓட்டினான். சண்டை வந்து, ஊர்களுக்கு நடுவே ஒரு கோடு விழுந்து, அவன் வேன் ஓட்டிய பள்ளியை மூடியபின் ஒரு சலவைக்கூடத்தில் ஓட்டுநர் வேலை கிடைத்தது. கோட்டுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் துணி துவைக்கத் தண்ணீர் இல்லை, கரண்டும் வந்தால் உண்டு. அழுக்குத் துணியை இங்கே கொண்டுவந்து வெளுத்து, மடித்து, மூட்டை கட்டித் திரும்பக் கொண்டுபோய்ப் போட வேண்டும். இரண்டு பக்கத்து ஆயுதக்காரர்களும் அந்த ஒரு வண்டியை விட்டுவைத்தார்கள். அவர்களும் அடிபட்டால் அந்தக் கட்டிலில்தானே வந்து படுக்க வேண்டும்.

அதே ஆஸ்பத்திரியில்தான் அவன் மனைவி நர்ஸ். "நான் கிளம்பிட்டா வார்டை யார் பாப்பா?" என்று வர மறுத்துவிட்டாள். மகளும் அம்மாவோடு அங்கேயே இருந்தாள். அதனால் அந்தப் பாதை அவனுக்குப் பிழைப்பு மட்டுமில்லை, வீட்டுக்குப் போகிற வழியும் அதுதான்.

அந்தப் பக்கம் நிருபர்கள் யாரும் நுழையக்கூடாது என்று உத்தரவு. நுழைந்தவர்கள் பிடிபட்டார்கள், கூட்டிப்போனவர்கள் காணாமலே போனார்கள். அப்படியிருக்கும்போது ஒருநாள் ஒரு பெண் நிருபர் சலவைக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, அதைவிடப் பெரிய பை.

"அண்ணா, என்னை உள்ள கூட்டிட்டுப் போக முடியுமா?"

"உள்ளன்னா? துணிக்குள்ளயா?" என்று அவன் விளையாட்டாகத்தான் கேட்டான்.

"சரி" என்றுவிட்டாள் அவள்.

போகும்போது வெளுத்த துணிக்கு அடியில் படுத்துக்கொள்ளலாம். அது சுகம், தூக்கமே வரும். வரும்போது ரத்தமும் சீழும் ஊறிய விரிப்புகளுக்கு அடியில் படுக்க வேண்டும். சோதனைச் சாவடிக்காரன் பின்கதவைத் திறப்பான், நாற்றம் முகத்தில் அறையும், மூக்கைப் பொத்திக்கொண்டு சாத்திவிடுவான். அந்த நாற்றம்தான் அவர்களுக்குக் காவல். ரிவர்ஸ் அவளுக்குச் சில சட்டங்கள் போட்டிருந்தான். வண்டிக்குள் பேச்சு கிடையாது. தும்மல் வந்தால் துணியைக் கடித்துக்கொள்ள வேண்டும். தன் முகம் எந்தப் படத்திலும் வரக்கூடாது. அவள் அத்தனைக்கும் கட்டுப்பட்டாள். எத்தனையோ நடைக்குப் பிறகு, அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவள் எடுத்த படம் முடிந்தது.

பிறகு ஒருநாள் ஃபோன் செய்தாள். போர்முனையிலிருந்து செய்தி தருகிறவர்களுக்கான விருது அவளுக்குக் கிடைத்திருந்தது. இந்த வருஷம் முதன்முறையாக, அவர்களைக் கூட்டிப்போன ஓட்டுநர்களையும் மொழிபெயர்த்தவர்களையும் சேர்த்தே கௌரவிக்கிறார்களாம்.

"பேர் சொல்வாங்களா?" என்று கேட்டான்.

"மாட்டாங்க. 'ஒரு ஓட்டுநர்'னுதான் சொல்வாங்க. படத்துலயும் உங்க தலையைக் கலைச்சு மறைச்சாச்சு. நீங்க மேடைக்கு வர வேண்டாம். சும்மா வந்து உக்காந்து பாருங்கண்ணா, போதும்."

அவனுக்கு மனசே இல்லை. அக்காதான் விடவில்லை. "உனக்காக ஒரு மண்டபமே கைதட்டும், நீ இங்க மூட்டை தூக்கிட்டு இருப்பியா? கூட்டத்தோட கூட்டமா உக்காந்துட்டு வந்துடலாம். நானும் வரேன்."

"நீ வந்தா பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லிடுவியே."

"வாயைத் தச்சுக்கிட்டு வரேன்டா. தையல்காரிக்கு அது கூடவா தெரியாது?"

விழா மதியத்துக்கு மேல். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. ரிவர்ஸ் இதுவரை படத்தைப் பார்த்ததே இல்லை என்பதால், காலையில் சரிபார்ப்பதற்காகப் போடும்போதே வந்து பார்க்கச் சொல்லியிருந்தாள் நிருபர். நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒருவர் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் தம்பியும் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள்.

திரையில் ஆஸ்பத்திரி நடைபாதை வந்தது. தரையிலேயே படுக்கைகள். பிறகு வண்டியின் உட்புறம். துணி மூட்டைகளின் இடுக்கிலிருந்து, பின்பெட்டிக்கும் முன் இருக்கைக்கும் நடுவே உள்ள சின்ன ஜன்னல் வழியாக எடுத்த காட்சி அது. ஓட்டுநரின் பின்னந்தலை கலங்கிய தண்ணீர் மாதிரி மறைந்திருந்தது. எதிரே சாவடி. துப்பாக்கிக்காரன் ஒருவன் வண்டியை நோக்கி நடந்து வருகிறான். அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். இதையெல்லாம் கடந்தா இவன் வீட்டுக்கு வந்து, "சாப்பிட என்னக்கா இருக்கு" என்று கேட்டான்?

"நிறுத்துங்க" என்றான் ரிவர்ஸ். சத்தமே இல்லாமல்தான் சொன்னான். எழுந்து நின்று மறுபடி சொன்னான். "நிறுத்துங்க. கொஞ்சம் பின்னால போங்க."

கம்ப்யூட்டரில் இருந்தவர் படத்தைப் பின்னால் நகர்த்தினார்.

"கண்ணாடியைப் பாருங்க."

முன்கண்ணாடிக்கு மேலே தொங்கும் சிறு கண்ணாடியில் இரண்டு கண்களும் இடது புருவமும் தெளிவாகத் தெரிந்தன. சின்ன வயதில் ஊஞ்சல் பலகை அடித்து இரண்டாகப் பிளந்த புருவம். அவனை ஒருதரம் பார்த்தவன்கூட அந்தப் புருவத்தை மறக்கமாட்டான். சாவடிக்காரர்கள் வாராவாரம் பார்க்கிறவர்கள்.

நிருபரின் முகம் வெளிறிப்போனது. "எத்தனை தடவை பார்த்தேன்... அந்த ஆள் நடந்து வர்றதையே பார்த்துட்டு இருந்தேன். எல்லாரும் அவனைத்தான் பார்த்தோம்." உண்மைதான். அந்தக் காட்சியைப் பார்க்கிற எவருடைய கண்ணும் துப்பாக்கியை விட்டு நகராது. கண்ணாடியை முதலில் பார்ப்பவன் ஓட்டுநர் மட்டும்தான்.

விழா ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் கால் முதல் தலை வரைக்கும் பதற்றம். "கண் சிமிட்டற நேரம்தானே சார் வருது? யார் கவனிக்கப் போறாங்க?"

"இது அந்தச் சாவடி ஆளுங்களைப் பத்தின படம் சார்" என்றான் ரிவர்ஸ். "அவங்க பாக்காம வேற யார் பாப்பாங்க? நிறுத்தி நிறுத்திப் பாப்பாங்க. என் பொண்டாட்டி இப்ப டியூட்டில இருக்கா. புள்ள அங்கதான் இருக்கு. சாவடியிலேருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடலாம்."

அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. என்ன செய்வது என்பதுதான் கேள்வி. வண்டி குலுங்கக் குலுங்கக் கண்ணாடியும் ஆடுகிறது. ஒவ்வொரு ஃப்ரேமாக எடுத்துத்தான் மறைக்க வேண்டும், அதற்கு இன்று நேரம் போதாது என்றார் கம்ப்யூட்டர்காரர். படம் ஏற்கெனவே ஒளிபரப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. விழா நேரத்தில் இந்தத் திரையில் ஓடப்போவதும் அங்கிருந்து வருவதுதான், இங்கே நிறுத்தினாலும் அங்கே ஓடும். வேண்டுமானால் அந்தக் காட்சியை மொத்தமாக வெட்டி, புதிதாக அனுப்பலாம்.

"மேடம், அந்தக் காட்சிக்குத்தான் நடுவர்கள் விருதே கொடுத்தாங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர், பாவமாக.

அக்கா நிருபரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சிக்காக அந்தப் பெண் செத்துப்போனவர்களின் விரிப்புக்கு அடியில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். வெட்டச் சொல்லிக் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ரிவர்ஸுக்கே அவளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "மேடம், ஒரு வாரம் தள்ளிப் போடுவாங்களா? நான் அவங்களைப் போய்க் கூட்டிட்டு வந்துடறேன். அப்புறம் என் மூஞ்சியை ஊர் பூரா ஒட்டுங்க."

"அண்ணி வருவாங்களா?"

அவன் யோசித்தான். "வரமாட்டா" என்றான்.

நிருபர் சிரித்துவிட்டாள். அழுகிறாளோ என்றும் இருந்தது. கம்ப்யூட்டர்காரர் பக்கம் திரும்பி, "வெட்டுங்க" என்றாள்.

"மேடம்..."

"நடைபாதை முடிஞ்சதும் வெட்டுங்க. நான் வீட்டுக்குத் திரும்பற காட்சியில சேருங்க. நடுவுல கறுப்பு விடுங்க."

வெட்டுவது சட்டென்று முடிந்தது. அனுப்புவதுதான் உயிரை வாங்கியது. திரையில் ஒரு பச்சைக் கோடு புழு ஊர்கிற மாதிரி ஊர்ந்தது, பாதியில் நின்றது, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். பூப்போட்ட உடைகளும் கோட்டும் சூட்டுமாகக் கூட்டம் உள்ளே வந்தது. ஒருங்கிணைப்பாளர் இரண்டு காதிலும் இரண்டு ஃபோனை வைத்துக்கொண்டு நடந்தார். கோடு கடைசியில் போய்ச் சேர்ந்தபோது நிலையத்திலிருந்து ஒரு குரல், "சார், ஒரே பேர்ல ரெண்டு படம் இருக்கே, எதைப் போடறது?" என்று கேட்டது. அவர் சொன்னார். திரும்பச் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லும்போது அந்தப் பக்கம் ஃபோனை வைத்துவிட்டிருந்தார்கள்.

"புரிஞ்சுகிட்டாங்களா சார்?" என்று கேட்டாள் அக்கா.

"புரிஞ்சிருக்கணும்மா" என்றார். அந்தப் பதில் அவருக்கே பிடிக்கவில்லை.

"நீ வெளிய போய் இருடா" என்றாள் தம்பியிடம்.

"படம் தப்பா ஓடினா நான் எங்க இருந்தா என்னக்கா?"

விளக்குகள் அணைந்தன. யார் யாரோ பேசினார்கள். அக்காவின் காதில் ஒரு சொல்லும் ஏறவில்லை. படம் தொடங்கியது. நடைபாதை வந்தது, தரைப் படுக்கைகள் வந்தன. அவள் தம்பியின் கையைத் தேடிப் பிடித்தாள். அது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது போல விறைத்திருந்தது. நடைபாதையின் கோடியில் ஒரு கதவு. அந்தக் கதவுக்கு அப்பால் வண்டி. கதவு திறந்தது.

திரை கறுப்பானது.

அப்படியே இருந்தது. இருமல் சத்தம் ஒன்று கேட்டது. பிறகு ஒரு சமையலறை வந்தது, நிருபர் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா அப்போதுதான் மூச்சு விட்டாள். படம் முடிந்ததும் கைதட்டல் மரியாதைக்கு எழுந்த மாதிரிதான் இருந்தது. "நடுவுல என்னமோ விட்டுப்போன மாதிரி இல்ல?" என்றார் பின்வரிசைக்காரர். நிருபர் மேடையில் கேடயத்தை வாங்கினாள். ஒரு ஓட்டுநர் இல்லாமல் தான் எங்கேயும் போயிருக்க முடியாது என்று மட்டும் சொன்னாள். பெயர் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்தது என்று அக்கா முதுகைச் சாய்த்தபோது, நிகழ்ச்சியை நடத்திய பெண் மைக்கை வாங்கினாள். காலையில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. மனசு இளகிப்போய் நின்றாள்.

"அந்த ஓட்டுநர் இன்னைக்கு நம்மகூட இங்க இருக்கார்னு கேள்விப்பட்டேன். எங்க இருக்கீங்க ஐயா? ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்களேன், நாங்க உங்களைப் பாக்கணும்."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். மரியாதைக் கைதட்டல் இல்லை இது. விளக்குகள் எரிந்தன. நீண்ட கையில் பொருத்திய கேமரா ஒன்று தலைகளுக்கு மேலே வரிசை வரிசையாக நகர்ந்து வந்தது. மேடையில் நிருபர் சட்டென்று முகத்தைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். அவளுடைய பார்வை எங்கே போனாலும் அங்கே எல்லாரும் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அக்காவுக்கு ஒரே ஒரு நொடி ஆசை வந்தது. கேமரா வரட்டும், இதோ இவன்தான், என் தம்பி. எழுந்து நிற்கட்டும். இத்தனை பேர் கை வலிக்கத் தட்டுவது இவனுக்காகத்தான்.

பிறகு அவள் இருக்கையில் அப்படியே பின்னால் திரும்பினாள். கைதட்டிக்கொண்டே, கழுத்தை நீட்டி, கடைசி வரிசைவரை துழாவினாள். யாரோ ஒருவரைத் தேடுகிறவள் போல. தம்பியும் திரும்பினான். அவனும் எட்டி எட்டிப் பார்த்தான், அவனும் தட்டினான். கேமராவுக்கு அந்த வரிசையில் கிடைத்தது இரண்டு பின்னந்தலைகள்தான். அது முன்னே நகர்ந்து போனது.

யாரும் எழவில்லை. கைதட்டல் மெல்ல அடங்கியது. பின்வரிசைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். அவர் முகத்துக்கு நேராகத்தான் ரிவர்ஸ் திரும்பியிருந்தான்.

"பாவம், வரலை போல."

"வேலை இருந்திருக்கும் சார்" என்றான் ரிவர்ஸ்.

"இப்படிப்பட்ட ஆளை ஒருதரம் பாத்துடணும்னு ஆசையா இருந்துச்சு."

"எனக்கும்தான்" என்றாள் அக்கா.

இரண்டு நாள் கழித்து அவன் வெளுத்த துணியோடு கிளம்பிப் போனான். அன்று அக்கா தைத்ததையெல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் அந்தப் பக்கத்திலிருந்து ஃபோன் வந்தது. தம்பி மனைவி.

"அண்ணி, வந்துட்டார். மகளோட சண்டை போட்டுட்டு இருக்கார்."

பின்னால் அவன் குரலும் சிறுமியின் குரலும் கேட்டன. எதற்கோ அவள் அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உங்களோட எங்கயோ போனாராமே. என்ன விசேஷம், எப்படி இருந்துச்சுன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறார். நீங்களாவது சொல்லுங்க."

அந்த ஃபோனில் யார் யார் காது வைத்திருப்பார்களோ. அக்காவுக்குச் சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்து நின்றது.

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள். "நல்ல கூட்டம். நாங்க நடுவுல உக்காந்திருந்தோம்."