டீச்சர் ஸ்டே ஆன கதை

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி வேலைக்குச் சம்பளம் கிடையாது, கையெழுத்து மட்டும் நிறைய உண்டு. என்னைப் போலவே மாட்டிக்கொண்ட அம்மாமார்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கங்க.

குளவி

கல்வராயன் மலையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சு வகுப்பு, ஒரே டீச்சர். குழுவுக்குத் தலைவியாக அங்கே படிக்கிற பிள்ளையின் அம்மாதான் இருக்கணும் என்று விதியாம். கூட்டத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நான் கடைசியில் கைக்குழந்தையோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். குழந்தை மேல் குளவி ஒன்று வந்தது, விரட்டக் கையைத் தூக்கினேன். எல்லாரும் கை தட்டிவிட்டார்கள்! டீச்சர் நோட்டை நீட்டினார்: "தூக்குன கைக்கு வேல குடுத்தாச்சு, இங்க போடும்மா கையெழுத்து."

ஸ்டே

மறுமாசமே அந்த டீச்சரை "மாற்றுப் பணி" என்று மலைக்குக் கீழே வேறொரு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் பள்ளிக்கூடக் கதவு சத்துணவு போட மட்டும்தான் திறந்தது. மூணாவது படிக்கிற என் மகள் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்வந்தாள்.

கச்சிராயபாளையம் பஸ் பிடித்துக் கீழே இறங்கி, கல்வி ஆபீசில் போய் எங்களுக்கு ஒரு டீச்சர் வேணும் என்று கேட்டேன். "டிரான்ஸ்பருக்குக் கோர்ட்ல ஸ்டே ஆயிடுச்சும்மா" என்றார் அதிகாரி. எனக்குத் தெரிந்த ஸ்டே, ராத்தங்கல்தான். மலையில் ஸ்டே பண்ண முடியாது என்றுதானே டீச்சருங்க எல்லாம் ஓடுறாங்க? கோர்ட்டே தங்கச் சொல்லிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு வூட்டைக் காலி பண்ணி, சுண்ணாம்பு அடித்து, கயிற்றுக் கட்டிலும் போட்டு வைத்தோம். பத்து நாள் பார்த்துவிட்டு மறுபடி ஆபீசுக்குப் போய், "வூடு ரெடிங்க சார், டீச்சர எப்ப அனுப்புவீங்க?" என்று கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஸ்டேன்னா தங்குறது இல்லம்மா, புதுசா யாரும் வரக்கூடாதுன்னு நிறுத்தி வெக்கிறது."

எந்த ஊர்?

மலையில் சட்ட முகாம் போட வந்த வக்கீலம்மா ஒருத்தர், ஹைகோர்ட்டில் கேஸ் போடலாம் என்று என்னைக் கள்ளக்குறிச்சிக்குக் கூப்பிட்டார். மனு டைப் அடிக்கிறவர் சாதி என்னவென்று கேட்டார். "மலையாளி" என்றேன். எங்கள் மலைச் சனத்துக்குப் பேரே அதுதான், சர்ட்டிபிகேட்டிலும் அதுதான். அவர் கையை எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "கேரளாவுலேர்ந்து வந்து எவ்ளோ நாளாச்சு? தமிழ் சுத்தமா பேசறீங்களே!"

காலி இல்லை

கோர்ட்டுக்கு அரசாங்கத் தரப்பில் பதில் கொடுத்தார்கள். வக்கீலம்மா போனில் படித்துக் காட்டினார். எங்கள் பள்ளியில் ஆசிரியர் இடமே காலி இல்லையாம்! டீச்சர் பேர் எங்கள் பதிவேட்டில் இருக்கிறதாம், ஆள்தான் கீழே. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மகள் சொன்னாள்: "அப்போ டீச்சருக்கு நாங்கதான் டெய்லி ஆப்சென்ட் போடணுமாம்மா?"

ஆறு வாரம்

எல்லாப் பிள்ளைக்கும் படிப்பு சமம் என்று சொல்லி, ஆறு வாரத்துக்குள் ஆசிரியர் நேரில் வந்து பாடம் நடத்தணும் என்று ஜட்ஜ் அய்யா உத்தரவு போட்டார். அஞ்சாம் வாரமே ஒரு டீச்சர் வந்துவிட்டார். என் மகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டு, அடுப்பை விட்டுவிட்டு நின்று அழுதேன்.

மறுநாள் காலையில் அடுத்த ஊர்ப் பள்ளிக் குழுத் தலைவி என் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, காலெல்லாம் சேறு. அந்த ஊருக்கு இருந்த ஒரே டீச்சரைத்தான் எங்களுக்கு அனுப்பிவிட்டார்களாம். அங்கே இப்போது பூட்டு. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "சண்ட போட வரலக்கா, உனுக்குக் கேஸ் போட்ட வக்கீலம்மா நம்பரு இன்னான்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

சமம் என்றால் எல்லா ஊரிலும் டீச்சர் இருப்பது என்று நினைத்துத்தான் கேஸ் போட்டேன். ஒரு ஊரில் பிடுங்கி இன்னொரு ஊரில் நடுவதற்கும் ஆபீசில் அதே பேர்தான் போலிருக்கிறது.