இறங்கி நிற்க இடமில்லாத பாதை

நண்பர் என்னை இமயமலைக்குக் கூட்டிப்போவது பள்ளத்தில் தள்ளிவிடத்தான் என்று மனதார நம்பினேன்.

தள்ளுவதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா, வலங்கைமான் பக்கம் எங்கள் வயலைக் குத்தகைக்கு உழுதவர். வரப்பில் என் அப்பா எதிரே வந்தால் அவர் சேற்றில் இறங்கி வழிவிட வேண்டும். ஆட்சி மாறி, குத்தகைச் சட்டம் எல்லோர் வாயிலும் அடிபட்டு, தெருவுக்குத் தெரு கொடி ஏறிய காலத்தில் ஒரு நாள் அவர் இறங்கவில்லை. இருவரும் வரப்பில் எதிரெதிரே நின்றார்கள். மறுநாள் எங்கள் ஆட்கள் போய் அவருடைய கதிரை அறுத்தார்கள். தடுக்க வந்த அவருடைய மண்டை உடைந்தது. வழக்கு இழுத்து இழுத்து, வயல் கடைசியில் அவரிடமே நின்றது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

மகன்கள் நாங்கள் சென்னையில் ஒரே அலுவலகத்தில் வந்து விழுந்தோம். ஒன்றாக டீ குடித்தோம். வயல் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. ஒரு புரட்டாசியில், “அண்ணே, மலையில நடக்கப் போறேன், நீங்களும் வாங்க” என்றார். ஆற்றங்கரையைவிட உயரமான எதிலும் ஏறியிராத நான் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

அடிவாரத்தில் சுகமாகத்தான் இருந்தது. வயல்கள் படிப்படியாக மேலே ஏறின. பிறகு வெயில் தரைக்கு வராத தேவதாருக் காடு. அதற்கும் மேலே மரமே கிடையாது. பாறை, சாம்பல் நிற மண், ஆழத்தில் ஆறு. எங்கள் ஊர் ஆறு சத்தம் போடாது. இதுவோ பகலெல்லாம் எதையோ அரைத்துக்கொண்டே இருந்தது. இந்தச் சத்தத்தில் ஒருவன் அலறினால் யாருக்குக் கேட்கும் என்று யோசித்தேன். அதன் பிறகு நண்பரை முன்னால் நடக்க விட்டேன். அவர் நின்றால் நானும் குனிந்து ஷூ கட்டினேன்.

“என்னண்ணே, உங்க ஷூவுல மட்டும் கயிறு தானா அவுந்துக்குது?”

“உயரத்துல அப்படித்தான் தம்பி. காத்து கம்மி.”

பள்ளத்தாக்கு குறுகக் குறுக, பாதை எங்கள் வரப்பின் அகலத்துக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. எதிரே சுமையோடு கோவேறு கழுதைகள் வரிசையாக வந்தன. நண்பர் திரும்பி என் தோளைப் பிடித்தார். எனக்குக் குலதெய்வத்தின் பெயர் மறந்துவிட்டது. வாயில் வந்தது இதுதான்: “வயல நீயே வச்சுக்கப்பா.”

“அது எங்ககிட்டதானே இருக்கு,” என்றவர் என்னைப் பாறையோடு ஒட்டி நிறுத்தி, தானும் ஒட்டிக்கொண்டார். “இங்க யாரும் யாருக்கும் எறங்கி நிக்க முடியாதுண்ணே. எறங்குனா ஆறுதான்.”

கழுதைகள் உரசிக்கொண்டு போய்விட்டன. தோளிலிருந்த கை போகவில்லை.

“அப்பா படுத்த படுக்கையா கெடக்கறாரு. ரொம்ப நாள் தாங்காது. உங்கப்பா ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போவாரான்னு கேக்கறாரு. ஊர்ல வச்சுச் சொன்னா நீங்க ஏதாவது ஜோக் அடிச்சிட்டு எந்திரிச்சிப் போயிடுவீங்க. இங்க எங்க போவீங்க?”

“சொல்றேன்” என்றேன்.

மேலே ஏறிக் கடந்த கணவாய்க்கு அந்தப் பக்கம் புல்கூட முளைக்காத வறண்ட பள்ளத்தாக்கு. பயம் போயிருந்தது. அப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தபடியே அதை நடந்து முடித்தேன்.

ஊருக்குப் போய்ச் சொன்னேன்.

“அவனா கேட்டான்?” என்றார் அப்பா.

“ஆமாம்பா.”

“நடவு முடியட்டும், பாப்போம்.”

நடவு முடிந்தது. மழை விடட்டும் என்றார். ஐப்பசி மழை விடுவதாக இல்லை. தீபாவளிக்கு நான் போயிருந்தபோது நண்பர் வீட்டுத் தெருவிலிருந்து சேதி வந்தது, பெரியவர் போய்விட்டார் என்று. மத்தியானம் அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு குடையை எடுத்தார். “வா” என்றார்.

அவர்கள் தெருவுக்கு வயல் வழியாகத்தான் போக வேண்டும். பாதி வரப்பில் எதிரே பாடை வந்தது. முன்னால் கொள்ளிச் சட்டியோடு நண்பர். அப்பா குடையை மடக்கினார். வரப்பை விட்டு, முழங்கால் ஆழச் சேற்றில் இறங்கி நின்றார். நானும் இறங்கினேன். பாடை எங்களைக் கடந்து போனது.